பரவாயில்லை என்றால் மூன்று

தோட்டத்துப் பாட்டி ஒருவர் எனக்கு ஐந்துக்கு இரண்டு போட்டார். வருடம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "எழுதிப் போட்டுடு, போயிடும்" என்றாள் தோழி. சரி, எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு வேலை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். வீடு பட்டர்வொர்த். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலையில் பசியாறிவிட்டு நிபோங் திபால் பக்கமுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். நாங்கள் ஏழு பேர். சங்கம், பதாகை, ஒரே நிறச் சட்டை எதுவும் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், அன்னதான வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். தனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது. அங்கே இருந்த ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி) ஒருவர்தான் எங்களைப் பிடித்து உட்கார வைத்துப் பழக்கினார். சட்டைக்கு மேல் ரத்தக் கொதிப்புப் பட்டையைக் கட்டாதே. வந்தவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டு அப்புறம் ரத்தக் கொதிப்பு பார். விரல் நுனியின் நடுவில் குத்தாதே, ஓரத்தில் குத்து, அங்கேதான் வலி குறைவு. எங்கள் படிப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். மருந்து நாங்கள் கொடுப்பதில்லை. அளவு பார்ப்போம், மாத்திரைப் பையைத் திறந்து எண்ணுவோம், கிளினிக் தேதியை நினைவுபடுத்துவோம், முடியாதவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவோம். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வேலை. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். தோட்டத்திலிருந்து அங்கே போய் வர வாடகைக் காருக்கு முப்பது வெள்ளி, அதுவும் அந்தச் செம்மண் சடக்கில் உள்ளே வர ஆள் கிடைத்தால்.

கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பூமி அது. பிள்ளைகள் எல்லாம் தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பழைய வரிசை வீடுகளில் பாதியில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள், மீதியில் நம் பாட்டி தாத்தாக்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். எங்கள் வரிசை வீடுகளில் கதவைத் தட்டிக்கொண்டே போனால் அந்த மூன்றில் ஒன்றுகூடக் குறைவாகத்தான் தெரியும். 2013-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய கோஸ்பென் திட்டத்தில் எங்களைப் போல அளவு பார்க்கும் தன்னார்வலர்கள் முறையாகப் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். நாங்கள் அதில் சேராத உதிரிகள்.

படிவம் வந்த கதை

போன வருடம் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் எங்களைத் தேடி வந்தார்கள். கிராமப்புறங்களில் தன்னார்வ சுகாதார ஊழியர்களைப் பற்றி மக்களுக்கு எவ்வளவு திருப்தி என்று ஆய்வு செய்கிறார்களாம். படிவம் மலாயில் இருந்தது. பாட்டிகளுக்குப் புரியாது என்பதால் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். நானே உட்கார்ந்து எழுதினேன். மிகவும் திருப்தி என்றால் ஐந்து, திருப்தி நான்கு, திருப்தி இல்லை இரண்டு, கொஞ்சமும் இல்லை ஒன்று. நடுவில் இருந்த மூன்றுக்கு மலாயில் 'செடர்ஹானா' என்று போட்டிருந்தார்கள். 'நடுத்தரம்' என்று எழுதினால் பாட்டிகள் முழிப்பார்களே என்று யோசித்து, 'பரவாயில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகளில் தமிழ் பேசத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கு மார்க் போடும் படிவத்தை நானே கையில் வைத்துக்கொண்டு, எனக்கு எத்தனை மார்க் என்று நானே கேட்டேன். அன்று இது யாருக்கும் கோணலாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மொத்தம் 42 படிவம். பாதிப் பேர் கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லிவிட்டார்கள். "எல்லாம் நல்லாத்தாம்மா பாக்குறீங்க, அஞ்சு போட்டுக்க." ஒரு தாத்தா, "எது ஜாஸ்தியோ அதப் போடு" என்று சொல்லிவிட்டு மைலோ கலக்கப் போனார். இன்னொரு அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, எல்லாக் கேள்விக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்தார், ஐந்தின் மேல். பிற்பகலுக்குள் நான் காற்றில் மிதந்துகொண்டிருந்தேன்.

கடைசி வரிசையில் கடைசி வீடு அந்தப் பாட்டியுடையது. பதினான்கு வயதில் ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போனவர், இப்போது எழுபத்தெட்டு. நான் அதிக நேரம் உட்காருவது அந்த வீட்டில்தான். வரும்போதெல்லாம் முருங்கைக்கீரை ஒரு கட்டு காரில் ஏறிவிடும். அவர் வீட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன், பாயசம் மாதிரி.

"சொன்ன நாளில் வருகிறார்களா, பாட்டி?"

"ரெண்டு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"உங்கள் உடம்பைப் பற்றிப் புரியும்படி சொல்கிறார்களா?"

"ஒண்ணு." என் முகத்தைப் பார்த்தார். "சரி, ரெண்டு போடு."

மரியாதையாக நடத்துகிறார்களா என்பதற்கு மட்டும் ஐந்து. அதையும் அரைமனதாக. கடைசிக் கேள்வி, ஒட்டுமொத்தமாக எவ்வளவு திருப்தி. பாட்டி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பரவாயில்ல, போ" என்றார். நான் மூன்றை வட்டமிட்டேன்.

அன்று கீரைக் கட்டை வாங்க மறந்து கிளம்பிவிட்டேன். மறந்து என்று எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை.

இலை முன் உட்கார்ந்தவரிடம் கேட்பது

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் கணக்குத் தப்பாகவே வந்தது. சம்பளமா வாங்குகிறேன்? ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு, என் சொந்தப் பெட்ரோலில் போகிறேன். இரண்டா? கோபம் ஆற மூன்று நாள் ஆனது. ஆறிய பிறகு ஒன்று உறைத்தது. அந்த 41 பேரின் ஐந்து எனக்கு எதையும் சொல்லவில்லை. அவற்றில் எதை நினைத்துப் பார்த்தாலும் ஒரு முகமும் தனியாக வரவில்லை. இந்த இரண்டு மட்டும்தான் ஒரு மனிதரின் குரலில் காதில் விழுந்துகொண்டிருந்தது.

'திருப்தி' என்ற சொல்லை நாம் எங்கே புழங்குகிறோம்? பெரும்பாலும் சாப்பாட்டில்தான். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா ஒவ்வொரு இலையாக வந்து, "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் அவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொன்ன விருந்தாளியை நான் கண்டதில்லை. 'திருப்தி' என்பது அங்கே உபசாரத்துக்கு உபசாரம். நானும் அப்படித்தான் வீடு வீடாகப் போய் இலை முன் நின்றிருக்கிறேன், கையில் சாம்பார் வாளிக்குப் பதிலாகப் படிவம்.

தோட்டத்து ஆட்கள் எதை வைத்து ஒப்பிடுகிறார்கள் என்பதும் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் மருத்துவம் என்றால் தோட்டத்து டிரஸ்ஸர், அதாவது எஸ்டேட் ஆஸ்பத்திரி உதவியாளர். இவர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனியாகச் சட்டமே வந்தது, அவ்வளவு முக்கியமான ஆள். அதற்கு முன்பும் பின்பும் தாத்தாவுக்கு அவர் 'டிரஸ்ஸர் ஐயா'தான். விடியாத பெரட்டு நேரத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, காய்ச்சலோடு போய் நின்றால், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்புத் தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுத்து, பெரும்பாலும் வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுவாராம். அவர் காகிதம் எழுதிக் கொடுத்தால்தான் அன்று படுக்கலாம். அந்த டிரஸ்ஸரைப் பற்றி யாராவது படிவம் நீட்டியிருந்தால் தாத்தாவும் ஐந்துதான் போட்டிருப்பார். பயத்தில் பாதி, அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று தெரியாததில் பாதி. அந்தத் தாத்தாவின் பிள்ளைகள் வயதுக்காரர்கள்தான் இன்று எனக்கு ஐந்து போட்டவர்கள். ஒருத்தி காரில் வந்து, சிரித்துப் பேசி, வீட்டு வாசலில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த வாரம் நாமக்கல் பக்கம் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். பெரியம்மா இங்கே பிறந்தவர். 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பெரியப்பாவோடு கப்பல் ஏறியவர். அப்படித் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குப் போனவர்கள் கிட்டத்தட்ட 60,000 பேர் என்பார்கள். பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருவது பக்கத்துத் தெருப் பெண், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்தவர். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய்தான். அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருதுகூடக் கிடைத்தது. பெரியம்மாவிடம் விருதைச் சொன்னால், "அப்படியா, எனக்குப் போன மாசம் மாத்திரை நாலு நாள் லேட்டு" என்கிறார்.

நாங்கள் இருவரும் சர்க்கரை பேசத் தொடங்கினால் எப்போதும் ஒரு குழப்பம் வரும். அவர் "இருநூத்தி இருவது" என்பார், நான் பதறுவேன். இங்கே மிசின் 12 என்றுதான் காட்டும். அங்கே ஒரு அளவுமுறை, இங்கே வேறு. நம்முடையதைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்களுடையது. பெருக்கிப் பார்த்துத்தான் இருவரும் ஒரே கவலைக்கு வருவோம்.

"பெரியம்மா, அந்தப் பொண்ணப் பத்தி யாராவது வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

"தங்கமான பொண்ணுன்னு சொல்வேன். நான் பாட்டுக்கு எதையாவது சொல்லி, அவளுக்கு வர்ற நாலு காசுல கைய வச்சிட்டாங்கன்னா?"

"அவளே வந்து கேட்டா?"

"அவளா? அவள உக்கார வச்சு ஒரு மணி நேரம் திட்டுவேன்."

நாட்காட்டி

அடுத்த முறை பாட்டி வீட்டுக்கு நான் போகவில்லை. குழுவிலிருந்த தம்பியை அனுப்பினேன். அதற்கடுத்த முறையும். மூன்றாவது முறை தம்பி திரும்பி வந்து, "அக்கா, பாட்டி உங்கள வரச் சொல்றாங்க. கோவமான்னு கேக்குறாங்க" என்றான். வெட்கமாகப் போய்விட்டது.

மழை தூறிக்கொண்டிருந்தது. பாட்டி என்னை உள்ளே வரச் சொல்லி, கதவின் பின்பக்கம் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். மளிகைக்கடையில் இலவசமாகக் கொடுப்பது, மேலே முருகன் படம், கீழே ராகு காலம், எமகண்டம். எத்தனையோ முறை அந்த வீட்டுக்குள் போயிருக்கிறேன், கதவைச் சாத்தியதில்லை, அதனால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில வட்டமிட்டிருந்தன, சில குறுக்கே அடித்திருந்தன. வட்டம் நான் வந்த நாள். அடித்தது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நாள். இரண்டு மூன்று முறைதான் தவறியிருப்பேன் என்று என் மனக்கணக்கு. பாட்டியின் கணக்கில் ஏழு. அவற்றில் மூன்று நாள், பாட்டி காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்த நாள். வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று முந்தின நாள் போனில் சொன்னதே நான்தான்.

இனிப்பு நீர் உள்ள எழுபத்தெட்டு வயது மனுஷி பகல் பதினொரு மணி வரை வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த நேரம் ஏதோ ஒரு பேரங்காடியில் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

"சரி, அது போகட்டும், உனக்கும் குடும்பம் இருக்கு" என்றார் பாட்டி. "ரெண்டாவது கேள்வி கேட்டியே, அதுக்கு வா. நீ வர்ற. கையில பட்டையைக் கட்டுற. விரல்ல குத்துற. மிசின் ஒரு நம்பரு காட்டுது. அத உன் புக்குல எழுதிக்கிற. 'நல்லா இருக்கு பாட்டி'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிடுற. என் ரத்தம், உன் புக்கு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், புள்ள. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருந்தது? நான்கு வருடமாக அவர் விரலில் குத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட அந்த எண்ணை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் பயப்படுவார் என்று ஒரு நினைப்பு. சொன்னால் கேள்வி கேட்பார், எனக்குப் பதில் தெரியாது என்பது இன்னொரு நினைப்பு, உண்மையான நினைப்பு.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறினேன். எது ஜாஸ்தியோ அதைப் போடச் சொன்ன அதே தாத்தா. அவரிடம் மாத்திரையை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். "எல்லாம் போடுறேம்மா" என்பார், நானும் சரி என்று நகர்ந்துவிடுவேன். அன்று என்னவோ, ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை இறக்கிப் பிரித்தேன். உள்ளே கிளினிக்கில் கொடுத்த மெட்ஃபார்மின், மூன்று மாதத்துப் பொட்டலங்கள், ஸ்டேப்ளர் ஊசிகூடப் பிரியாமல்.

"ஏன் தாத்தா?"

"அதச் சாப்பிட்டா வயித்தக் கலக்குதும்மா. அதான் நீங்க மாசா மாசம் வந்து மிசின் போட்டுப் பாக்குறீங்களே, அது போதும்."

நாங்கள் அளவு பார்ப்பதே வைத்தியம் என்று நினைத்திருக்கிறார். முழுத் திருப்தி அவருக்கு. அன்று மிசினில் அவருக்குப் 17.1 காட்டியது. சாப்பாட்டோடு சேர்த்து மாத்திரையைப் போட்டால் வயிற்றுக் கலக்கம் குறையும், அப்படியும் கலக்கினால் டாக்டரிடம் சொல்லி வேறு வகையாக மாற்றிக் கேட்கலாம் என்று இவ்வளவு நாளில் யாருமே அவரிடம் சொல்லவில்லை. அந்த யாருமே என்பதில் முதல் ஆள் நான்தான். மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

குறை சொல்லும் வீடு

அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஐந்து. எங்கள் வேலை கொஞ்சமாவது நடந்த வீடு இரண்டு போட்ட வீடுதான். பாட்டி தேதி பார்க்கிறார், எதிர்பார்க்கிறார், ஏமாறுகிறார், கணக்கு வைக்கிறார். நம்மில் யார் யாரைக் குறை சொல்கிறோம்? தெருவில் போகிறவரையா? மகள் போன் பண்ணவில்லை என்றுதான் அம்மா புலம்புவார். நான் அந்த வீட்டில் புலம்பும் அளவுக்கு ஆகிவிட்டிருக்கிறேன், அது எனக்குத் தெரியாமல் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

'பரவாயில்லை'யையும் நான் தப்பாக மொழிபெயர்த்திருக்கிறேன். அது நடுவில் நிற்கும் சொல்லே இல்லை. "பரவாயில்லையே!" என்றால் பாராட்டு. சமையல் எப்படி என்று கேட்கும்போது "ம்... பரவாயில்ல" என்றால் இனிமேல் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று பொருள். காலை மிதித்தவரிடம் சொல்லும் பரவாயில்லை மன்னிப்பு. பாட்டி அன்று வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னது அந்தக் கடைசி வகை. ஏழு ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து மன்னித்திருக்கிறார். நான் அதை மூன்று என்று வட்டமிட்டேன்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். எண்களை ஏற்கெனவே கணினியில் ஏற்றியாகிவிட்டது, அக்கா, என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கேள்வி கேட்கப் போனது நான்.

இன்னொன்று அந்தப் படிவத்தில் கேட்கவே இல்லை. செய்கிறவர்களுக்குத் திருப்தியா? இந்தியாவில் 2005-இல் தொடங்கிய ஆஷா திட்டத்தின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் இன்று சுமார் பத்து லட்சம் பேர். 2022-இல் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியிலிருந்து கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் அவர்களே மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள், 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லி. நேப்பாளத்தில் 1988-லிருந்து சுமார் 50,000 பெண்கள் இந்த வேலையைத் தொண்டாகவே செய்கிறார்கள். நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை இதோடு சேர்த்து எழுதக் கூசுகிறது. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்துவிடுகிறது. ஆனால் 'தொண்டு' என்ற சொல்லுக்குள் நான் நன்றாக ஒளிந்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் உண்மை. சம்பளக்காரி ஏழு நாள் வேலைக்கு வராவிட்டால் கடிதம் வரும். தொண்டு செய்பவளுக்குக் கீரைக் கட்டு வந்தது.

இப்போது வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்றால் எட்டு மணிக்குள் போய்விடுகிறேன். போக முடியாவிட்டால் முந்தின இரவே போன். எண்ணைச் சொல்கிறேன். பாட்டி கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இன்னும் பதில் தெரியாது. அவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை கிளினிக்கில் டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். மற்ற வீடுகளில் இதெல்லாம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. "நம்பரெல்லாம் எதுக்கும்மா, நீயே பாத்துக்க" என்பவர்கள்தான் அதிகம்.

போன ஞாயிறு பாட்டிக்கு 9.4. சொன்னதும் நாட்காட்டியில் வட்டத்துக்குள் எழுதிக்கொண்டார், கொஞ்சம் நடுங்கும் கையெழுத்தில், புள்ளியை மட்டும் பெரிதாக வைத்து. போன மாதத்தை விடக் குறைந்திருக்கிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம், "ரெண்டு வாரம் கழிச்சு வருவல்ல?" என்றார்.

"இல்ல பாட்டி, அன்னிக்குத் தைப்பிங்ல சொந்தக்காரங்க கல்யாணம்."

"தம்பி?"

"அவனும் கல்யாணத்துக்குத்தான் வர்றான்."

பாட்டி பேனாவின் மூடியைத் திறந்து, அந்த ஞாயிற்றுக்கிழமையை அப்போதே குறுக்கே அடித்து வைத்தார்.